முடிச்சு அவிழாத தேசபக்தன்

தேசபக்தியில் எனக்கு நெஞ்சு பழுதில்லை, கைதான் பழுது. 'ஜன கண மன' தொடங்கினால் மார்பு தானாக நிமிரும், தொண்டை அடைக்கும். ஆனால் கொடியைக் கையில் கொடுத்து, "கொஞ்சம் கட்டுங்க" என்றால் ஏதாவது ஒரு கோளாறு நடந்தே தீரும். அந்தக் கோளாறுகளை எல்லாம் இங்கே கொட்டிவிடலாம் என்றிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் படித்தால் நல்லது. கொடி விஷயத்தில் எத்தனை விதமாகத் தப்புச் செய்யலாம் என்று தெரிந்துகொள்வது பரீட்சைக்கு உதவாவிட்டாலும் ஆகஸ்ட் 15-க்கு உதவும்.

எங்கள் பங்காருபாளையம், சித்தூரிலிருந்து பலமனேர் போகிற வழியில் இருக்கிற மாங்காய் ஊர். சீசனில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் மண்டி வாசலிலிருந்து மெயின் ரோடு வரை நிற்கும். அப்படி ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. இரண்டிலும் உரக்கப் பேசுவேன் என்பதால் கொடியேற்றம் என்றால், "அண்ணா, ரெண்டு வார்த்தை" என்று கூப்பிட்டுவிடுவார்கள். என் ஞானத்தைச் சோதித்துப் பார்த்து யாரும் கூப்பிடவில்லை. கரண்ட் போனாலும் என் குரல் கேட்கும், அவ்வளவுதான் தகுதி.

முதலில் முடிச்சு. அது ஒரு ஜனவரி 26. மாந்தோப்புகளில் பூ விட்டிருந்த சமயம். மண்டி வாசலில் கம்பம் நட்டு, கொடி கட்டும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, மூட்டையாக உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் கயிற்றை இழுத்ததும் அது விரிந்து பூ கொட்ட வேண்டும். பூ வைக்கலாமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். தேசிய விழாக்களில் விரிப்பதற்கு முன் மடிப்புக்குள் பூவிதழ் வைப்பதை 2002-ஆம் ஆண்டு கொடி விதித்தொகுப்பே அனுமதிக்கிறது. ஆனால் முடிச்சை எப்படிப் போடுவது என்று அதில் ஒரு வரி கிடையாது. என் கைக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்று, லோடு கட்டுகிற முடிச்சு. சென்னை போய்ச் சேரும்வரை அவிழக் கூடாது என்பதுதான் அதன் லட்சியம். அதைத்தான் போட்டேன்.

பெரியவர் இழுத்தார். மூட்டை அசைந்தது. இன்னும் இழுத்தார். கம்பம் வளைந்தது, மூட்டை இறுகியது. கூட்டம் முழுக்க சல்யூட்டில் நிற்கிறது. கொடி விரியாமல் கையை இறக்குவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் கையை மாற்றி சல்யூட் அடித்தான். கடைசியில் மூட்டையைக் கீழே இறக்கி, கத்தியால் கயிற்றை அறுத்து, அப்படியே மேலே ஏற்றினோம். பச்சை மேலே, காவி கீழே. வேண்டுமென்றே காவியைக் கீழே வைத்துப் பறக்கவிட்டால்தான் சட்டப்படி குற்றம். நான் செய்ததில் வேண்டுதலும் இல்லை, விவரமும் இல்லை. தப்பித்தேன்.

அன்று மாலை ஒரு டிரில் மாஸ்டர் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொல்லிக் கொடுத்தார். "முடிச்சே போடாதீங்கண்ணா. கயித்தை ரெண்டு சுத்து சுத்துங்க. மிச்சத்தை மடிச்சு அந்தச் சுத்துக்குள்ள செருகுங்க. இழுத்தா உருவிக்கிட்டு வந்துரும். ஏத்தறதுக்கு முன்னாடி தரையிலேயே ஒரு தடவை இழுத்துப் பாருங்க." காவி ஓரம் கயிற்றின் மேல் பக்கம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டுமாம். கொடி தரையில் படாமல் இன்னொருவர் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்ற வேண்டும், இறக்கும்போது நிதானமாக. இது மட்டும் விதியிலேயே இருக்கிறது. தில்லியில் சுதந்திர நாளன்று கொடியைக் கீழிருந்து ஏற்றுவதும், குடியரசு நாளன்று உச்சியில் கட்டிவைத்ததை அவிழ்ப்பதும் வழக்கம். எங்கள் ஊரில் இரண்டு நாளும் மூட்டைதான். ஆகையால் எனக்கு வருடத்துக்கு இரண்டு கண்டம்.

கை இப்படி என்றால், வாய் அதற்குச் சளைத்ததில்லை. "1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதி செங்கோட்டையில் நேரு நம் கொடியை ஏற்றியபோது..." என்றுதான் என் பேச்சு தொடங்கும். பல வருடம் கைதட்டு வாங்கிய வரி. பிறகுதான் தெரிந்தது, செங்கோட்டையில் அவர் ஏற்றியது மறுநாள், ஆகஸ்ட் 16. பதினைந்தாம் தேதி பொதுமக்கள் முன் கொடி ஏறியது இந்தியா கேட் பக்கம். தேதியைத் திருத்திக்கொண்டேன். திருத்திய பிறகு அந்த வரிக்குக் கைதட்டு விழுவதில்லை.

தேதி பிசகினால் யாருக்கும் நஷ்டமில்லை. நிறங்களைப் பற்றி நான் சொல்லிவந்தது அப்படிப்பட்டதல்ல. "இந்துவுக்குக் காவி, முஸ்லிமுக்குப் பச்சை, மத்தவங்க எல்லாருக்கும் வெள்ளை" என்று ராகம் போட்டுச் சொல்வேன். கேட்க அழகாக இருக்கும். ஒரு பள்ளியில் இதைச் சொன்னபோது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான்.

"சார், எங்க அப்பா சாமியே கும்பிட மாட்டாரு. அவருக்கு எந்தக் கலர்?"

"அவருக்கும் வெள்ளைதாம்பா" என்று சமாளித்தேன்.

"அப்ப சக்கரம் யாருக்கு சார்?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். நான் சொன்னது முழுப் பொய்யில்லை, காலாவதியான உண்மை. 1921-இல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. மசூலிப்பட்டினம் பக்கத்து பட்லபெனுமர்ரு கிராமத்துக்காரரான பிங்கலி வெங்கையா அங்கே காந்தியிடம் ஒரு கொடி வடிவத்தைக் கொடுத்தார். 1916-லேயே முப்பது கொடி மாதிரிகள் வரைந்து புத்தகமாகப் போட்டவர் அவர். அவர் கொடுத்ததில் சிவப்பும் பச்சையும் இருந்தன. ராட்டை வேண்டும் என்ற யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. மற்ற சமயத்தவருக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்ற விளக்கம் அந்தக் காலத்தது.

அந்த விளக்கம் பத்து வருடம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. எங்களுக்கு எந்த நிறம் என்று சீக்கியர்கள் கேட்டார்கள். என்னைக் கேட்ட பையனின் கேள்விதான், ஆள்தான் வேறு. 1931-இல் கராச்சி காங்கிரஸ் இதற்கென்று ஏழு பேர் கொண்ட குழுவைப் போட்டது. முழுக்கக் காவி நிறக் கொடியே போதும் என்றது குழு. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. அந்த ஆகஸ்டில் காவி, வெள்ளை, பச்சை, நடுவில் நீல ராட்டை என்று முடிவானது. இந்த நிறங்களுக்குச் சமய அர்த்தம் கிடையாது என்பதும் சேர்த்தே முடிவானது. காவி துணிவுக்கும் தியாகத்துக்கும், வெள்ளை உண்மைக்கும் அமைதிக்கும் என்று குணங்களாக மாறின. அதாவது 1931-இலேயே கைவிடப்பட்ட விளக்கத்தைத்தான் நான் மைக் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நிறங்களுக்கு என்ன பொருள் என்று தீர்மானம் சொல்லவில்லை. அன்று சபையில் எழுந்து விளக்கம் தந்தவர்களில் ஒருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். காவி பற்றற்ற தன்மை, தலைவர்கள் சொந்த லாபம் பாராமல் உழைக்க வேண்டும் என்பதற்கு. வெள்ளை ஒளி, உண்மையின் வழி. பச்சை நமக்கும் மண்ணுக்கும், நம்மை வாழவைக்கும் பயிர்பச்சைக்கும் உள்ள உறவு. சக்கரம் அறம், கூடவே அசைவு, தேங்கி நின்றால் சாவு என்ற எச்சரிக்கை. இப்படிப் போகிறது அவர் பேச்சு. அவர் பிறந்த திருத்தணி 1960 வரை எங்கள் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். அவர் சிறுவயதில் படித்தது திருப்பதியில். எங்கள் மாவட்டத்துப் பிள்ளை சொன்ன விளக்கத்தை விட்டுவிட்டு, எங்கேயோ காதில் விழுந்ததை நான் கூவிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் மாங்காய் மண்டியில் உட்கார்ந்துகொண்டு. பச்சைக்கு என்ன அர்த்தம் என்று என் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பினாலே தெரிந்திருக்கும்.

அடுத்தது நாடகம். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்குக் கொடி காத்த குமரன் நாடகம் எழுதிக் கொடுத்தேன். குமரன் அடிபட்டு விழுகிறான், கையில் மூவர்ணக் கொடி, நடுவில் அசோகச் சக்கரம். எனக்கே கண் கலங்கியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குத் திருப்பூர் பக்கம். நாடகம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "மாமா, எங்க ஊர்க் குமரன் கையில இருந்தது ராட்டைக் கொடிங்க."

அவர் சொன்னது நியாயம். சென்னிமலையில் பிறந்த குமரன் திருப்பூர் ஊர்வலத்தில் தடியடி பட்டது 1932 ஜனவரி 10, இறந்தது மறுநாள். சக்கரம் கொடிக்கு வந்தது 1947-இல். என் நாடகத்தில் குமரன் பதினைந்து வருடம் கழித்து வரப்போகிற கொடிக்காக உயிரை விட்டிருந்தார். அடுத்த முறை திருத்திவிடலாம் என்று, இருந்த கொடியின் சக்கரத்தின் மேல் ராட்டைப் படத்தைப் பசை போட்டு ஒட்டினேன். தலைமையாசிரியர் ஒத்திகையில் பார்த்துவிட்டுப் பதறினார். தேசியக் கொடியில் எழுதக்கூடாது, சிதைக்கக் கூடாது. சரித்திரத்தைத் திருத்தப் போய்ச் சட்டத்தில் மாட்ட இருந்தேன். மூன்று நிறக் காகிதத்தில் தனியாக ராட்டைக் கொடி செய்தோம்.

அதைச் செய்தபோதுதான் ராட்டை ஏன் போனது என்பது கைக்கே புரிந்தது. ஒரு பக்கம் ராட்டையை வரைந்து திருப்பிப் பார்த்தால், சக்கரம் ஒரு பக்கமும் கதிர் மறுபக்கமுமாக இடம் மாறி நிற்கிறது. கொடி என்றால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற காரணத்தை நேருவும் கொடித் தீர்மானம் வந்த அன்று சபையில் சொன்னார். ராட்டையின் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குச் சாரநாத் அசோகத் தூணின் உச்சிப் பீடத்தில் இருக்கும் சக்கரத்தின் வடிவத்தைக் கொடுத்தார்கள். ராட்டை போனதில் காந்திக்கு வருத்தம் இருந்தது.

அந்தச் சக்கரம் என்னைப் படுத்திய பாடு தனி. சார்ட் பேப்பரில் கொடி வரைந்து கொடுங்கள் என்று ஒரு பள்ளியில் கேட்டார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். முதலில் நீள அகலம். மூன்றுக்கு இரண்டு என்பது விதி. நான் கண்ணளவில் மூன்று பட்டைகளைப் போட்டேன். வந்தது ஏறத்தாழச் சதுரம், கைக்குட்டைக்குப் பொருந்தும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு பட்டையின் நீளமும் அதன் அகலத்தைப் போல நாலரை மடங்கு இருக்க வேண்டும். 900 மில்லிமீட்டர் நீளம் என்றால் கொடியின் உயரம் 600, ஒவ்வொரு பட்டையும் 200. பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு ஆரங்கள். இருபத்து நான்கு. பிறந்தநாள் கேக் வெட்டுவது போலத் தொடங்கினேன். வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு, இரண்டு ஆரம். நெடுக்கே ஒரு கோடு, நான்கு. ஒவ்வொன்றையும் பாதியாக்கினேன், எட்டு. மறுபடி பாதி, பதினாறு. மறுபடி பாதி, முப்பத்திரண்டு. எட்டு அதிகம். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் பதினாறு, முப்பத்திரண்டு. இரண்டு இரண்டாகப் பெருக்கிக்கொண்டே போனால் இருபத்து நான்கு ஒருநாளும் வராது என்பது மண்டிக் கணக்கருக்கு உறைக்கவில்லை. காகிதம் ரப்பர் பட்டுப் பட்டு ஓட்டை விழுந்தது. கடைசியில் முப்பத்திரண்டில் எட்டை அங்கங்கே அழித்துவிடலாமா என்று கூட யோசித்தேன்.

எதிர்வீட்டு எட்டாம் வகுப்புப் பெண் எட்டிப் பார்த்தாள். "தாத்தா, காம்பஸ் குடுங்க" என்றாள். வட்டம் போட்ட அதே அளவை மாற்றாமல், முள்ளை வட்டத்தின் ஓரத்தில் ஊன்றி அடுத்த புள்ளி, அங்கே ஊன்றி அடுத்தது என்று சுற்றி வந்தாள். சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. ஆறைப் பாதியாக்கினாள், பன்னிரண்டு. அதையும் பாதியாக்கினாள், இருபத்து நான்கு. ஒவ்வொரு ஆரத்துக்கும் நடுவே பதினைந்து டிகிரி. "அறுபது, முப்பது, பதினைஞ்சு. எங்க மிஸ் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். எனக்கும் ஒரு காலத்தில் ஒரு மிஸ் சொல்லிக் கொடுத்திருப்பார். நான் ஜன்னல் வழியாக மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்: "சக்கரம் காவியையும் பச்சையையும் தொடுது தாத்தா." தொடக் கூடாதாம். 900-க்கு 600 கொடியில் வெள்ளைப் பட்டை 200 மில்லிமீட்டர், சக்கரத்தின் விட்டம் 185. சுற்றிலும் மூச்சுவிட இடம் விட்டிருக்கிறார்கள். இந்த அளவுகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஆவணம் இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 1. நாட்டில் தர எண் வாங்கிய பொருள்களின் வரிசையில் முதலாம் எண் கொடிக்கு. நூல், சாயம், தையல், சக்கரத்தின் விட்டம் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. 6300-க்கு 4200 மில்லிமீட்டரிலிருந்து மேஜையில் வைக்கிற 150-க்கு 100 வரை ஒன்பது அளவுகள். கண்ணளவு என்ற அளவு அந்தப் பட்டியலில் இல்லை.

இவ்வளவு படித்துவிட்டோம், பழைய கொடி ஒன்றை நேரில் பார்த்துவிடுவோம் என்று ஆசை வந்தது. 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலை சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி அங்கேயே கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்டிக்கு லீவு சொல்லி, விடியலில் பஸ் ஏறி, வெயிலில் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அங்கே விடுமுறை. கோட்டைக் கம்பத்தையாவது வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். 1932 ஜனவரி 26 அன்று ஆர்யா என்ற பாஷ்யம் அந்த உயரத்துக்கு ஏறி, வெள்ளைக்காரன் கொடி பறந்த இடத்தில் நம் கொடியைக் கட்டினார். அவர் முடிச்சு சரியாக விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

கடைசித் தப்பு இன்னும் தீரவில்லை, வீட்டு பீரோவில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்னார்கள். ஒரு காலத்தில் சாதாரண ஆள் நினைத்த நாளில் வீட்டில் கொடி ஏற்ற முடியாது. 2002-இல்தான் விதி தளர்ந்தது. கொடி பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2004-இல் உச்ச நீதிமன்றமும் நவீன் ஜிண்டால் வழக்கில் சொன்னது. கதர் மட்டும்தான் என்றிருந்ததை மாற்றி, மெஷினில் செய்த பாலியஸ்டரும் ஆகலாம் என்று 2021 டிசம்பரில் திருத்தினார்கள். இரவிலும் பறக்கலாம் என்று 2022 ஜூலையில் அடுத்த திருத்தம் வந்தது. எனக்கு இந்தக் கடைசித் திருத்தம் ரொம்பப் பிடித்திருந்தது. மாலையில் மாடியேறி இறக்க வேண்டாம் அல்லவா? பாலியஸ்டர் கொடி ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் கட்டினேன். ஏற்றியதோடு என் கடமை முடிந்தது. மழை வந்தது, காற்று வந்தது. தீபாவளிக்கு ராக்கெட் விட மாடிக்குப் போனபோதுதான் பார்த்தேன். ஓரம் நாராகக் கிழிந்து, காவி வெளுத்து, சந்தனமாகியிருந்தது. பகலும் இரவும் பறக்கலாம் என்றுதான் அரசாங்கம் சொன்னது. தீபாவளி வரை என்று சொல்லவில்லை.

கிழிந்த கொடியைப் பறக்கவிடுவது தப்பு, குப்பையில் போடுவது அதைவிடத் தப்பு. தனிமையில், முழுதாக, கண்ணியமாக அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது என்கிறது விதி. அதே கொடியைப் பிறர் பார்க்கும்படி எரித்தால் 1971 சட்டப்படி மூன்று வருடம் வரை ஜெயில். என் வீட்டில் நாலு பேர் கண்ணில் படாத இடமே இல்லை. கொல்லைப்புறத்தில் கொளுத்தினால் பக்கத்து வீட்டு மாடி. மாடியில் கொளுத்தினால் மொத்தப் பங்காருபாளையம். "கணக்கு எழுதற அண்ணா ஜெண்டாவைக் கொளுத்தறாரு" என்று யாராவது போன் போட்டால், விதித்தொகுப்பின் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவதற்குள் ஜீப் வந்துவிடும். போதாக்குறைக்கு பாலியஸ்டர் ஒழுங்காக எரியவும் எரியாது, உருகி ஒழுகும். மண்ணில் புதைக்கலாம் என்றால் மக்காது. ஆகவே அது துவைத்து மடிக்கப்பட்டு பீரோவில் இருக்கிறது. மடித்தது மட்டும் சரி: காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போக, சக்கரம் மேலே தெரிய. டிரில் மாஸ்டர் உபயம்.

"ஏத்தத் தெரிஞ்சவருக்கு இறக்கத் தெரியாதா?" என்கிறாள் மனைவி, பீரோவைத் திறக்கும் போதெல்லாம். இந்த வருடத்துக்குக் கதர்க் கொடியாகவே வாங்கியிருக்கிறேன், 900-க்கு 600. சக்கரத்தின் ஆரங்களை எண்ணிப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். பதினைந்தாம் தேதி மாலை சூரியன் மறைவதற்குள் இறக்கிவிடுவேன் என்று மனைவி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். சாட்சிக் கையெழுத்து எதிர்வீட்டு எட்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பெண் தாளை ஒரு முறை படித்தாள், தேதியில் ஒரு தப்பைத் திருத்தினாள்.